அஞ்சு நிமிஷமா, ஒரு ராத்திரியா? வேலூர் வெயிலுக்கு எந்த எபாக்சி

போன மே மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்குக் காட்பாடியிலிருந்து அக்கா போன் செய்தாள். பெரியம்மா மகள். "டேய் தம்பி, சமையல் மேடைக்குக் கீழ சிங்க் தொங்குதுடா. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன். இன்னா பசை வாங்கறது, சொல்லு."

"ரெண்டு டியூப்ல வரும் பாரு, எபாக்சி. அதுல மெதுவா காயறதை வாங்கு" என்றேன்.

"காலையில பாத்திரம் தேய்க்கணும்டா. அஞ்சு நிமிஷத்துல காயறது இருக்குதாமே?"

இருக்கிறது. அதைப் போட்டதால்தான் சிங்க் தொங்குகிறது என்று என் மனதில் பட்டது, ஆனால் பார்க்காமல் சொல்லக்கூடாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிளம்பிப் போனேன். போனால் ஒரு வேலைக்கு மூன்று வேலையாக இருந்தது. சிங்க் ஒன்று. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பியின் கொக்கி கைப்பிடிச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது, அது இரண்டு. வாசல்படியின் கிரானைட் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு உடைந்து, உடைந்த துண்டு பூந்தொட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, அது மூன்று. மூன்றுக்கும் ஒரே டியூபை வாங்கி ஒட்டிவிடலாம் என்பது அக்காவின் திட்டம். ஒட்டலாம். ஆனால் மூன்றும் மூன்று விதமாகக் கெட்டுப்போகும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயனத் தொட்டிகளுக்கு உள்பூச்சு போடும் ஒரு சின்னப் பட்டறையில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். எபாக்சியோடு எனக்கு இருக்கும் பழக்கம் பாதி அறிவு, பாதி அரிப்பு. ஹார்டனர், அதாவது எபாக்சியை இறுகவைக்கும் இரண்டாவது பாகம், கையில் பட்டுப் பட்டு, இன்றைக்கும் அந்த டப்பாவைத் திறந்தாலே விரல் இடுக்கில் தடித்துவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை வாங்கினாலும் கூடவே கையுறை வாங்குங்கள். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் லேசில் விடாது.

வேலூர் லாங் பஜாரில் ஹார்டுவேர் கடையில் நின்று 'ஒட்டறதுக்கு' என்று கேட்டால் பலகையில் வந்து விழுபவை பெரும்பாலும் இவைதான். அஞ்சு நிமிஷத்தில் இறுகும் இரட்டை டியூப் எபாக்சி. ராத்திரி முழுக்கக் காயவேண்டிய இரட்டை டியூப் எபாக்சி. மாவு போலப் பிசைந்து அப்பும் எபாக்சி, நம் ஊரில் எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்கு எம்-சீல் என்றுதான் பெயர். கிரானைட் கடைக்காரர்கள் டின்னில் வைத்திருக்கும் பாலியஸ்டர் பேஸ்ட். அப்புறம் கடை வாசலில் ஷாம்பூ பாக்கெட் மாதிரி சரமாகத் தொங்கும் ஒருசொட்டுப் பசை. கடைசியில் இருப்பதை இங்கேயே தள்ளிவிடலாம். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து நொடியில் இறுகும் பசை அது. உடைந்த பொம்மைக்குச் சரி, தட்டினால் விரிசல் விடும், தண்ணீரில் நாளாக நாளாக விட்டுவிடும். நம் மூன்று வேலைக்கும் ஆகாது.

மீதி நான்கில் எது என்று தீர்மானிக்க டியூபுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

ஒரு டியூபில் ரெசின். அதன் மூலக்கூறுகளின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன முக்கோண வளையம் இருக்கும்: இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன். வில்லை வளைத்துக் கட்டிய மாதிரி இறுக்கத்தில் இருக்கும் வளையம் அது. யாராவது தொட்டால் திறந்துகொள்ளத் தயாராக இருக்கிறது. இன்னொரு டியூபில் இருக்கும் ஹார்டனர்தான் தொடுகிறவர். மெதுவாகக் காயும் வகையில் அது பெரும்பாலும் அமீன் குடும்பம். அமீனில் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு கை. ஒரு கை ஒரு வளையத்தைத்தான் பிடிக்கும். பிடித்த இடத்தில் வளையம் திறந்து நிரந்தரக் கட்டு விழுகிறது. ஒவ்வொரு ஹார்டனர் மூலக்கூறுக்கும் பல கைகள் இருப்பதால், கட்டுகள் நாலா பக்கமும் பரவி மீன்வலை மாதிரி ஆகிவிடுகிறது. இதில் தண்ணீரோ ஆவியோ வெளியே போவதில்லை. பெவிகால் மாதிரி 'உலர்வது' இல்லை இது. 'காய்கிறது' என்று நாம் சொல்வது வாய்ப்பழக்கம்.

கைக்கு ஒரு வளையம் என்பதால்தான் அளவு முக்கியம். பந்தியில் 100 இலை போட்டு 130 பேர் வந்தால் 30 பேர் சும்மா நிற்க வேண்டியதுதானே? "கொஞ்சம் ஹார்டனர் சேர்த்து ஊத்துனா சீக்கிரம் இறுகும்" என்று பட்டறையில் புதிதாக வந்த பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்வார்கள். இறுகாது. கட்டுப்படாத ஹார்டனர் வலைக்குள் உட்கார்ந்து அதை இளக்கிக்கொண்டிருக்கும். இங்கே பரவலாகக் கிடைக்கும் ராத்திரி முழுக்கக் காயும் வகையில் எடைக்கு 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர். கண் அளவில் பார்த்தால் இரண்டும் சம அளவு. பாலியஸ்டர் பேஸ்ட்டின் கதை வேறு. அதில் சேர்க்கும் கெட்டியாக்கி ஒரு பெராக்சைடு, அது சங்கிலியைத் தொடங்கிவைக்கும் தீக்குச்சி மட்டும். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் எரியும். கிரானைட் மிஸ்திரிகளுக்கு அந்தப் பழக்கம் கையில் ஊறியிருப்பதால் எபாக்சியையும் அதே மாதிரி கண்ணால் கலப்பார்கள். பாதிப் பிரச்சனை அங்கேயே ஆரம்பம்.

இப்போது அஞ்சு நிமிஷ வகை. திறந்ததும் லேசாக ஒரு நாற்றம் வரும், அழுகின முட்டை, கொஞ்சம் கேஸ் கசிவு. காரணம் இருக்கிறது. சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் மெர்காப்டன் குடும்பத்துப் பொருள்தான் பெரும்பாலான அஞ்சு நிமிஷ ஹார்டனர்களில் இருக்கிறது. கந்தகத்தில் தொங்கும் அந்தக் கை, கூட வினையைத் தூண்டிவிடும் ஒரு பொருள் இருந்தால், அமீனைவிடப் பல மடங்கு வேகமாக வளையத்தைப் பிடிக்கும். வேகம் நல்லதுதானே என்றால், அதில் விழும் வலை நெகிழ்வான வலை. போதாததற்கு, சட்டென்று கெட்டியாகிவிடுவதால் பசைக்குப் பரப்பின் மேடு பள்ளங்களில் ஊறி இறங்க நேரமே கிடைப்பதில்லை.

நெகிழ்ந்தால் என்ன? வேலூரில் அதுதான் எல்லாமே. இறுகிய எபாக்சிக்கு உருகும் புள்ளி கிடையாது, ஆனால் இளகும் புள்ளி உண்டு. அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி விறைப்பு, மேலே ரப்பர் மாதிரி. அப்பளம் மொறுமொறுப்பாக இருப்பதும் மழை நாளில் நமத்துப்போவதும் கிட்டத்தட்ட இதே மாற்றம்தான். அறை வெப்பத்தில் காயவிட்ட சாதாரண மெது வகைக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும். அஞ்சு நிமிஷ வகைக்கு 40 பக்கம், சிலவற்றுக்கு அதற்கும் கீழே. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. வெயிலில் கிடக்கும் கறுப்பு இரும்பு 60ஐத் தொடும். டியூப் அட்டையில் போட்டிருக்கும் பலம் எல்லாம் 23, 25 டிகிரி ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. ஊட்டியில் வீடு இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

இதை அக்காவுக்கு வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. அதனால் செய்து காட்டினேன். அரை அங்குல அகல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டைகள் நாலு துண்டு, உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, அசிட்டோன் துடைத்து, இரண்டிரண்டாக முனைகளை அரை அங்குலம் மேலேற்றி ஒட்டினேன். ஒரு ஜோடி அஞ்சு நிமிஷம், ஒரு ஜோடி மெது வகை. இரண்டையும் ஒரு நாள் வீட்டுக்குள் விட்டு, அப்புறம் இரண்டு மத்தியானம் மாடி வெயிலில் சும்மா கிடத்தினேன். மூன்றாம் நாள் காலை மாடிக் கம்பியில் இரண்டையும் மாட்டி, கீழே ஆளுக்கொரு 20 லிட்டர் தண்ணீர் கேன் தொங்கவிட்டோம். காலை பத்து மணிக்கு இரண்டும் கல் மாதிரி நின்றன. பன்னிரண்டரைக்குப் போய், ஓரத்தில் பிதுங்கி நின்ற பசையை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மெது வகையில் நகம் வழுக்கியது. அஞ்சு நிமிஷ வகையில் மெழுகில் பதிகிற மாதிரி பிறை வடிவத்தில் நகம் பதிந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டேகால் மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் கேன் கவிழ்ந்து மாடி எல்லாம் தண்ணீர், இரண்டு பட்டையிலும் பாதிப்பாதி பசை ஒட்டிக்கொண்டிருந்தது. இழுபட்டு அறுந்த பபுள்கம் மாதிரி. மெது வகை ஜோடியை அடுத்த வாரம்தான் கழற்றினேன்.

இரண்டு மத்தியான வெயிலில் கிடத்தியது ஏன் என்றால், மெது வகையின் முழு பலமும் அதில்தான் இருக்கிறது. வலை பின்னப் பின்ன மூலக்கூறுகள் அசைய இடம் குறைகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் மாட்டிய ஆட்டோக்கள் மாதிரி: திரும்பவேண்டிய சந்து கண்ணுக்கு எதிரே தெரிகிறது, நகர முடியவில்லை. பிடிக்கவேண்டிய கைகளும் வளையங்களும் மீதி இருந்தும் வினை நின்றுபோகிறது. அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்சியின் இளகும் புள்ளி அந்த அறை வெப்பத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த நெரிசல்தான். சூடு ஏற்றினால் நெரிசல் இளகி, மீதிக் கட்டுகளும் விழும், புள்ளி மேலே ஏறும். பட்டறையில் இதற்கென்று அடுப்பு வைத்திருந்தோம். மாடியில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு தகரத்துக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 63 காட்டியது. காசில்லாத அடுப்பு. ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும்: முதல் ராத்திரி நிழலில் இறுகியபிறகுதான் வெயிலுக்குக் கொண்டுபோகவேண்டும். ஈரமாக இருக்கும்போதே சூடு காட்டினால் எண்ணெய் மாதிரி இளகி இணைப்பை விட்டு வழிந்துவிடும்.

அஞ்சு நிமிஷ வகையையும் வெயிலில் வைத்தேனே என்றால், ஆமாம், அதற்கும் கொஞ்சம் ஏறும். ஆனால் வலையே நெகிழ்வு என்பதால் பெரிதாக ஏறாது.

இந்த வேகமா நிதானமா கணக்கில் ஒரு உயிரே போயிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் 2006 ஜூலை 10 அன்று கூரையிலிருந்து கான்கிரீட் பலகைகள் ஓடும் காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் கூரைத் துளைகளில் எபாக்சியால் ஒட்டப்பட்டிருந்தன. விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007ல் கொடுத்த அறிக்கையில், விரைவில் இறுகும் வகைப் பசை பயன்படுத்தப்பட்டிருந்ததையும், அது தொடர்ந்து இழுக்கும் பாரத்தில் மெல்ல மெல்ல நழுவும் தன்மை கொண்டது என்பதையும் காரணமாகச் சொன்னது. கவனியுங்கள், குறுகிய காலச் சோதனையில் அந்தப் பசை பாரத்தைத் தாங்கியது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் தொங்கும்போதுதான் நழுவியது. அங்கே வேலூர் வெயில்கூடக் கிடையாது.

இதனால்தான் மூன்று வேலையில் கொடிக்கம்பிக் கொக்கியைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். துணிதானே என்று நினைப்போம். 4 மீட்டர் கம்பி, நடுவில் 6 கிலோ ஈரத்துணி, கம்பி 10 சென்டிமீட்டர் தொய்வு என்று வைத்தால் கொக்கியை இழுக்கும் விசை 60 கிலோ. தொய்வில்லாமல் விறைப்பாகக் கட்டவேண்டும் என்று அக்கா வீட்டு மாமா முறுக்கி முறுக்கிக் கட்டுவார். 5 சென்டிமீட்டர் தொய்வானால் அதே துணிக்கு 120 கிலோ. சுவரிலிருந்து நேராக வெளியே பிடுங்கும் பாரம், தினமும், உச்சி வெயிலில்.

அங்கே எனக்கு இருந்த தேர்வுகள்: விரியும் போல்ட், அல்லது எபாக்சியில் பதித்த திருகுகம்பி. கைப்பிடிச் சுவர் செங்கல் என்பதால் விரியும் போல்ட்டை இறுக்கினால் செங்கல் பிளந்துவிடும். ஏற்கெனவே அப்படித்தான் பிளந்திருந்தது. அதனால் எபாக்சி, அதிலும் மெது வகைதான். பழைய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி 12 மில்லிமீட்டர் துளை, 4 அங்குல ஆழம், அதில் 10 மில்லிமீட்டர் கம்பி. துளைக்குள் இருக்கும் செங்கல் பொடிதான் இங்கே எமன். பசை பொடியோடு ஒட்டிக்கொள்ளும், பொடி சுவரோடு ஒட்டியிருக்காது. பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி, சைக்கிள் பம்ப்பால் ஊதி, மறுபடி பிரஷ், மறுபடி ஊதல் என்று புகை வருவது நிற்கும்வரை செய்தேன். பசையைத் துளையின் அடியிலிருந்து மேல் நோக்கி நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். கம்பியைத் திருகிக்கொண்டே இறக்கி, மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. அக்கா மூன்று நாளும் ஈரத்துணியை நாற்காலி நாற்காலியாகப் போட்டுக்கொண்டு என்னைத் திட்டினாள்.

சிங்க்குக்கு வருவோம். விழுந்த தொட்டியைத் திருப்பிப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கதை தெரிந்துவிட்டது. பசை முழுக்கக் கிரானைட்டின் அடியில் அப்படியே இருந்தது, சீப்பு சீப்பாக. தொட்டியின் எவர்சில்வர் விளிம்பு முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. இது இளகி அறுந்தது இல்லை, பசை எஃகைப் பிடிக்கவே இல்லை. உடைந்த எந்த ஒட்டையும் இப்படித் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசையின் தோல்வி. ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் ஒட்டினவரின் தோல்வி. வேகமான பசையைத் திட்டிக்கொண்டே காட்பாடிக்கு வந்த எனக்கு இது கொஞ்சம் சங்கடம்தான், பழி பசைமேல் மட்டும் இல்லை.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் இது பாலபாடம். அடிப்பாகம் ஒட்டும் இடத்தில் தோலின் மேல்பளபளப்பைச் சுரண்டி எடுக்காமல் பசை தடவவே விடமாட்டார்கள். அங்கே போடுவது எபாக்சி இல்லை, பாலியூரிதேனும் நியோபிரீன் சொல்யூஷனும். நடக்கும்போது வளையவேண்டிய செருப்பில் எபாக்சி போட்டால் பத்தடியில் உரிந்துவிடும். எபாக்சிக்கு நேருக்கு நேர் இழுப்பும் வழுக்கும் பாரமும் பிரச்சனை இல்லை. ஒரு மூலையிலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிக்கிற பாரம்தான் ஆகாது.

சிங்க்கில் நடப்பது அந்த உரிப்புதான். 24க்கு 18 அங்குலம், 9 அங்குல ஆழத் தொட்டி, விளிம்பு வரை நிரம்பினால் 60 லிட்டருக்கு மேல். மெல்லிய தகடு கீழ்நோக்கி வளைந்து விளிம்பை உள்ளிருந்து உரிக்கும். அதோடு தினமும் கஞ்சி வடிப்பது. கொதிக்கிற கஞ்சி விழுந்ததும் எஃகு விரிகிறது, கிரானைட் சும்மா இருக்கிறது. 60 சென்டிமீட்டர் எஃகு 50 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். விறைப்பான பசை தினம் இரண்டு வேளை அந்த அரை மில்லிமீட்டரை வாங்கிக்கொள்ளவேண்டும். மெது எபாக்சியே போட்டாலும் சில வருடத்தில் மறுபடி போன் வரும் என்று தோன்றியது.

ஆகவே சிங்க்கில் என் முடிவு: பாரத்தைப் பசைமேல் போடாதே. தொட்டிக்குக் கீழே குறுக்காக இரண்டு அலுமினியச் சட்டம் கொடுத்து, அதன் முனைகளைப் பக்கச் சுவரில் திருகி, எடையை அவற்றின் மேல் உட்காரவைத்தோம். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே சிலிக்கான், அது ரப்பர் என்பதால் அரை மில்லிமீட்டருக்குக் கவலைப்படாது. எபாக்சி போட்டது நாலு மூலையில் தொட்டி நகராமல் பிடிக்கும் சின்னக் கொண்டிகளைக் கிரானைட்டின் அடியில் ஒட்டுவதற்கு மட்டும். மல்லாந்து படுத்து வேலை செய்யவேண்டிய அந்த இடத்தில் நான் பிசையும் எபாக்சியைத்தான் எடுத்தேன். வழியாது, கையால் அப்பலாம், பாரமும் அதிகம் இல்லை. எல்லா இடத்திலும் மெது டியூப் என்று பிடிவாதம் பிடிக்க அவசியமில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எபாக்சி தண்ணீரில் கரையாது, ஆனால் மெல்லக் குடிக்கும். குடித்தால் அப்பளம் நமத்த கதை, இளகும் புள்ளி இறங்கும். அதைவிட மோசம், உலோகப் பரப்பில் பசை உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தண்ணீர் ஊடுருவிப் பிடித்துக்கொள்வது. நன்றாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பரப்பில் அது மிக மெதுவாக நடக்கும், பளபளத் தகட்டில் ஒரு மழைக்காலம் போதும். பரப்பு தயாரா என்று பார்க்க ஒரு துளி தண்ணீர் போதும். விட்ட தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி நின்றால் தயார். முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்கவேண்டியதுதான். அப்புறம் அந்தத் தண்ணீரையும் காயவிட்டு ஒட்டவேண்டும்.

வாசல்படியில்தான் பாலியஸ்டரும் எபாக்சியும் நேருக்கு நேர் மோதின. படி போட்ட கடைக்காரர் பாலியஸ்டரோடு வந்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது: விலை குறைவு, பத்து நிமிஷத்தில் நிற்கும், கல் நிறத்துக்கே சாயம் கலக்கலாம், மெருகு போடலாம். வீட்டுக்குள்ளே சுவரில் பதித்த கல்லென்றால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் இது வாசல். தினமும் விடிகாலையில் தண்ணீர் தெளித்துக் கோலம். படிக்கு அடியில் சிமெண்ட், சிமெண்ட்டில் ஊறி வரும் ஈரம் காரத்தன்மை கொண்டது. பாலியஸ்டரின் சங்கிலிகளைக் கோர்த்திருப்பது எஸ்டர் கட்டுகள், காரமும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கட்டுகளை அறுக்கும். எண்ணெயிலிருந்து சோப்பு காய்ச்சும்போது நடக்கிற அதே வேலை. போதாததற்கு இறுகும்போது எபாக்சியைவிட அதிகமாகச் சுருங்கி, கல்லை விட்டு விலகப் பார்க்கும். எபாக்சியின் அமீன் கட்டுகளைக் காரம் ஒன்றும் செய்யாது. அதனால் மெது வகை, உடைந்த இடத்திலிருந்தே சுரண்டிய கல்பொடியைக் கொஞ்சம் கலந்து. கோடு தெரிகிறது, கிட்டே குனிந்து பார்த்தால். வெயில் படும் ஓரத்தில் எபாக்சி மஞ்சளித்துப் பொடிப்பது வழக்கம், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. கடைக்காரர் "உங்க இஷ்டம் சார்" என்று போய்விட்டார்.

நடுவில் மாமா வந்து, மாடித் தண்ணீர் டேங்க்கிலும் ஒரு கீறல் இருக்கிறது, மீதிப் பசையை அதில் போடு என்றார். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். அது பாலியெத்திலீன், எந்த எபாக்சியும் அதில் ஒட்டாது. தோசைக்கல்லில் நான்ஸ்டிக் பூச்சு மாதிரி அதன் தோல். அப்பினால் காய்ந்தபிறகு அடை மாதிரி மொத்தமாக உரிந்து கையில் வரும். சூடு வைத்து இளக்கி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடச் சொன்னேன்.

கோடையில் கலக்குவது தனி வித்தை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினை ஏறத்தாழ இரட்டிப்பு வேகம், கையில் இருக்கும் நேரம் பாதி. அட்டையில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் மே மாத மத்தியானம் அரை மணி நேரம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வினையே சூட்டைக் கக்குவதால், டம்ளரில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே தன்னைக் கிளப்பிக்கொள்ளும். பட்டறையில் ஒருமுறை அரை பக்கெட் ரெசின் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புகைந்து, பக்கெட் அடி உருகி, தரையோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அங்கே அந்த வட்டம் இருக்கும். வீட்டில் பழைய டைல்ஸ் துண்டின் மேல் பரப்பிக் கலக்குங்கள், பரந்து இருந்தால் சூடு சேராது. காலை ஆறு மணிக்குச் செய்தால் இன்னும் நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் செய்தால் வேறு தொல்லை: சில அமீன்கள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே பிசுபிசுவென்று ஏடு கட்டும். அதைக் கழுவித் துடைக்காமல் அதன் மேல் இன்னொரு பூச்சு போட்டால் நிற்காது.

அஞ்சு நிமிஷ வகைக்கு வேலையே இல்லையா என்றால் இருக்கிறது. மிக்சி ஜாடியின் மூடிப்பிடி, மூக்குக் கண்ணாடிப் பெட்டி, சுவர்க் கடிகாரத்தின் முள் மாட்டும் இடம் என்று பாரமும் வெயிலும் இல்லாத எதுவும். பெரிய வேலையில்கூட, மெது வகை காயும்வரை இடம் நகராமல் பிடித்துக்கொள்ள ஓரத்தில் இரண்டு பொட்டு வைப்பேன், தையலுக்கு முன்னால் குண்டூசி குத்துகிற மாதிரி. படித்துண்டை நிறுத்தியதே அப்படித்தான்.

இந்தப் பசையின் ஆரம்பமே நிதானம்தான். 1930களில் பியர் காஸ்டன் என்ற சுவிஸ் வேதியியலாளர் பல் கட்டும் பொருள் தேடும்போது கண்டுபிடித்தார், பல் மருத்துவர்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1946ல்தான் அரால்டைட் என்ற பெயரில் ஒட்டும் பசையாகச் சந்தைக்கு வந்தது. 

அக்கா வீட்டுக் கணக்கு இப்போதைக்கு இப்படி இருக்கிறது. சிங்க் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கஞ்சி வடிகிறது. படித்துண்டின் மேல் கோலத்தின் ஒரு மூலை தினமும் விழுகிறது. கொக்கியில் துணி காய்கிறது. கம்பியை முறுக்கக்கூடாது, ஒரு சாண் தொய்வு இருக்கட்டும் என்று மாமாவிடம் சொன்னேன், முகம் கோணிக்கொண்டு ஒத்துக்கொண்டார். திருகுகம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில், கம்பியில் சுவரை ஒட்டிப் பென்சிலால் சுற்றிலும் ஒரு கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அன்றைக்கே போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். அடுத்த அக்னி நட்சத்திரம் முடிந்ததும் நானே போய்ப் பார்ப்பேன்.